ஈட்டிக்காரன் தலையில் கட்டும் பழி

எங்கள் பக்கத்து விரிகுடாவில் ஈட்டியால் மீன் பிடிப்பதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். வேல்ஸ் கடற்கரையில் இருபது வருடத்துக்கு மேலாக ஈட்டித் துப்பாக்கியும் கையுமாக மூச்சடக்கி முங்கி எழுகிறவன் நான். அதனால் இந்த வழக்கில் எனக்கு ஒரு கட்சி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலை என்று வேஷம் போடப் போவதில்லை.

அந்தத் தாளில் மூன்று காரணம் எழுதியிருக்கிறது. இது கொடூரமான பழக்கம். இதனால் பாஸ் மீன் அழிகிறது. குழந்தைகள் குளிக்கும் இடத்தில் இது ஆபத்து. மூன்றாவது முழுக்க நியாயம். ஆள் குளிக்கும் இடத்தில் ரப்பரை இழுத்து மாட்டிய துப்பாக்கியோடு எவனும் இருக்கக் கூடாது. நாங்கள் நீந்தி, ஜனத்தைத் தாண்டிப் போன பிறகுதான் மாட்டுவோம். திரும்பும்போது தண்ணீரிலேயே அவிழ்த்துவிடுவோம். கோடைக்காலத்தில் பகல் பொழுதில் குளிக்கும் கரைகளில் கூடாது என்று விதி போடட்டும், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். மற்ற இரண்டு காரணங்களைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

ஈட்டி மீன்பிடி என்றால் நம் வயதுக்காரர்களுக்கு உடனே 'தண்டர்பால்' படத்துக் கடலடிச் சண்டைதான் நினைவுக்கு வரும். முதுகில் காற்றுச் சிலிண்டர், ஆளை ஆள் குத்திக்கொள்வது. எங்கள் கூட்டத்தைப் பார்த்தால் சிரிப்பீர்கள். நாங்கள் ஐந்து பேர். ஒருவர் குழாய் வேலை பார்ப்பவர், ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், இருவர் அண்ணன் தம்பி, ஐந்தாவது நான். ஒருவரிடமும் சிலிண்டர் கிடையாது. தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்தவர்களைப் போல மூச்சை அடக்கித்தான் இறங்குவோம். சிலிண்டரோடு போய் மீனைக் குத்துவது இங்கே எங்களைப் போன்றவர்களிடையே கேவலம். தூங்குகிறவனைத் திருடுவது போல அது.

வேல்ஸ் கடல் சுலபமான கடல் அல்ல. பெம்ப்ரோக்‌ஷயரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் ஆறு ஏழு மீட்டர் ஏறி இறங்கும். செயின்ட் டேவிட்ஸ் ஊருக்கு எதிரே ராம்சி தீவுக்கும் கரைக்கும் இடையில் தண்ணீர் காட்டாறு போல ஓடும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குவதற்கு முன் தண்ணீர் சற்று அசையாமல் நிற்கும் நேரம் ஒன்று இருக்கிறது. அதைக் கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். கோடை உச்சத்திலேயே தண்ணீர் 16, 17 டிகிரிதான். மார்ச்சில் 8 டிகிரி பக்கம். ஐந்து மில்லிமீட்டர் ரப்பர் உடைக்குள் சோப்புத் தண்ணீரை ஊற்றி உடம்பைத் திணிப்பதற்கே பாதி உயிர் போய்விடும். அதற்குள் வடக்கே லின் தீபகற்பத்துக்கு நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போயிருப்போம். மேல்காற்று இரண்டு நாள் அடித்திருந்தால் தண்ணீர் பால் கலந்த தேநீர் மாதிரி இருக்கும். கார் நிறுத்துமிடத்தில் நின்று எட்டிப் பார்ப்போம், சாண்ட்விச் சாப்பிடுவோம், திரும்பிவிடுவோம். வருடத்தில் பாதிப் பயணம் இப்படித்தான்.

தண்ணீர் தெளிந்த நாளில் கண்ணுக்கு எட்டுவது மூன்று, நான்கு மீட்டர். ஆறு மீட்டர் தெரிந்தால் திருவிழா. நாடா நாடாகத் தோல் மாதிரி வளரும் கெல்ப் பாசிக்கு நடுவே பாறை இடுக்கில் இறங்கி, படுத்து, அசையாமல் காத்திருக்க வேண்டும். பாஸ் மீனுக்கு வேடிக்கை பார்க்கும் குணம் உண்டு. பார்வைக்கு நம் கொடுவாவைப் போலவே இருக்கும் வெள்ளி நிற மீன் அது. என்ன இது என்று பார்க்க அதுவே கிட்டே வரும், சில நாட்களில். பல நாட்களில் வராது. மூச்சு முட்டும்போது மேலே வரவேண்டியதுதான். மேலே ஒருவர் இருப்பார். ஒருவர் கீழே இருந்தால் அவருடைய ஜோடி மேலேதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். முங்கும் முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும், மூச்சு முட்டும் உணர்வு தாமதமாக வரும். அதற்குள் பிராணவாயு தீர்ந்திருக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைவதால் மிச்சமிருந்ததும் உடம்புக்கு உதவாமல் போய், கடைசி ஒன்றிரண்டு மீட்டரில் நினைவு தப்பும். நல்ல நீச்சல்காரர்கள் இப்படித்தான் சாகிறார்கள். இதையெல்லாம் அனுதாபம் தேடிச் சொல்லவில்லை. கடலை வாரிக் கொட்டிக்கொண்டு போகும் கூட்டம் என்று எங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்களே, வாருவதற்கு அங்கே என்ன வழி இருக்கிறது என்று கேட்பதற்காகச் சொல்கிறேன்.

இனி கொடூரத்துக்கு வருகிறேன்.

அந்தத் தாளைத் தயாரித்தவர்களில் பலர் தூண்டில்காரர்கள். தூண்டில் என்றால் இந்த நாட்டில் ஒரு தியானம். ஈட்டி என்றால் காட்டுமிராண்டித்தனம். பிடித்துவிட்டுத் திரும்ப விடுவது அவர்கள் பெருமையாகச் சொல்லும் தர்மம். எனக்கு இது பிடிபட்டதே இல்லை. சாப்பிடும் எண்ணமே இல்லாமல் ஒரு பிராணியின் வாயில் கொக்கியை மாட்டி, அது களைத்து விழும்வரை இழுத்து, கையில் தூக்கிப் படம் எடுத்துவிட்டு, போய் வா என்று அனுப்பி வைப்பது கருணையாம். சாப்பிடப் போகும் ஒரே மீனைத் தலைக்குப் பின்னால் குறிவைத்து அடித்து, அடுத்த நொடி மூளையில் கத்தியை இறக்கி முடிப்பது கொடூரமாம். கொக்கியை விழுங்கிய மீனில் ஒரு பங்கு விட்ட பிறகும் செத்துப் போகிறது என்பது தூண்டில்காரர்களுக்கே தெரியும். அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது வெறும் வாய்ச்சண்டையாக இருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இந்த மனோபாவம் சட்டத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம், பொழுதுபோக்காகப் பிடிப்பவர்கள் பாஸ் மீனைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அக்டோபரில்தான் நாளுக்கு ஒரு மீன் என்று இளகியது. தூண்டில்காரர் அந்த ஒன்பது மாதமும் தினமும் போகலாம், ஐம்பது மீனைக் கொக்கியில் மாட்டலாம், விடலாம். ஈட்டிக்காரன் எதைத் திரும்ப விடுவது? வாயால் தடை என்று சொல்லாமலே எங்களைத் தடை செய்துவிட்டார்கள். அதே வருடம் வாணிபமாகத் தூண்டில் போடும் படகு ஒன்றுக்கு வருடத்துக்கு 5 டன் பாஸ் பிடிக்க அனுமதி இருந்தது. நிலையாகக் கட்டும் செவுள் வலைக்கு 1.2 டன். மீன் ஒன்று ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டாலும் முதல் படகுக்கு 5,000 மீன். பிழைப்புக்குப் பிடிப்பவரைப் பிடிக்காதே என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஐயாயிரம் என்றால், பாறை இடுக்கில் படுத்துக் கிடந்தவனுக்கு ஏன் ஒன்றுகூடக் கிடையாது என்பதுதான் கேள்வி. அந்தக் கோடையில் நாங்கள் மடவை மீனைத் தேடிப் போனோம். பாஸ் கூட்டம் முகத்துக்கு நேரே வந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிற்று.

நம்மவர்களும் இந்த விஷயத்தில் குறைந்தவர்கள் இல்லை. போன தீபாவளிக் கூட்டத்தில் ஒருவர் என் தோளைத் தொட்டு, "என்ன சார், இந்த வயசுல போய் மீனைக் குத்திக்கிட்டு... பாவம் இல்லையா?" என்றார். சைவராக இருந்திருந்தால் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் கையில் இருந்த தட்டில் மீன் வறுவல். சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய சீ பாஸ். இங்கே கடைகளில் கிடைக்கும் அந்தத் தட்டளவு சீ பாஸ் பெரும்பாலும் துருக்கியிலும் கிரீஸிலும் கூண்டில் வளர்ந்தது. அந்தக் கூண்டு மீனுக்குப் போடும் தீவனத்தில் கடலில் பிடித்த சிறு மீன்களின் தூளும் எண்ணெயும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் வந்து, ஐஸில் படுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் சுத்தமாகத் தெரிவதால் பாவம் கழுவிப் போய்விட்டது போலிருக்கிறது. "உங்க மீனை யார் சார் கொன்னது?" என்று கேட்டேன். பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறியது.

பாஸ் மீன் குறைந்தது உண்மை. யாரால் குறைந்தது என்பதையும் ஒளிக்க வேண்டாம். குளிர்காலத்தில் பாஸ் மீன் முட்டையிடத் திறந்த கடலில் திரண்டு நிற்கும். அந்தத் திரளை இரண்டு படகுகள் நடுவில் வலையைக் கட்டி இழுத்து அள்ளிக்கொண்டிருந்தார்கள், வருடக்கணக்காக. 2015 ஜனவரியில்தான் ஐரோப்பிய ஆணையம் அவசர ஆணை போட்டு, முட்டையிடும் பருவத்தில் நடுக்கடல் இழுவை வலையை நிறுத்தியது. அதே வருடம் செப்டம்பர் வரை பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு 36 சென்டிமீட்டராக இருந்தது. ஒரு பெண் மீன் முதன்முதலாக முட்டையிடுவதே 42 சென்டிமீட்டர் வாக்கில்தான். அதாவது ஒரு தடவைகூடக் குஞ்சு பொரிக்க விடாமல் பிடிக்கலாம் என்று சட்டமே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகுதான் 42 ஆக்கினார்கள். இதில் எந்த இடத்தில் ஈட்டி வருகிறது?

ஸ்வான்சி பக்கம் மம்பிள்ஸ் ஊருக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு காலத்தில் சிப்பி மீன்பிடி எவ்வளவு பெரிய தொழிலாக இருந்தது என்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகு படகாக இரும்பு வாரியைக் கடலடியில் இழுத்து அள்ளினார்கள். மிச்சத்தை நோய் தின்றது. 1920களோடு அந்தத் தொழில் முடிந்தது. லின் தீபகற்பத்தில் நாங்கள் அடிக்கடி இறங்கும் இடத்தின் பெயர் போர்த் அஸ்காடன். ஹெர்ரிங் மீன் துறை என்று அர்த்தம். பக்கத்து ஊர் நெவின், தன் நகரச் சின்னத்திலேயே மூன்று ஹெர்ரிங் மீனை வைத்திருக்கிறது. இன்று அங்கே ஹெர்ரிங் படகுகளைத் தேடினால் கிடைக்காது, சின்னத்தில் மட்டும் மூன்று மீன் நீந்துகிறது. ஒருவன் மூச்சை அடக்கிப் போய் ஒவ்வொன்றாகக் குத்தியா அது தீர்ந்தது?

இப்போதும் கார்டிகன் வளைகுடாவில் ஸ்காலப் என்னும் விசிறிச் சிப்பியை எடுக்கும் வாரிகள் இருக்கின்றன. இரும்புச் சட்டத்தில் பல் பல்லாக வைத்து, வரிசையாகக் கட்டி, மணலைக் கிளறிக்கொண்டே இழுப்பார்கள். சிப்பி மணலில் புதைந்திருக்கும், அதனால் பல் வேண்டும். அந்தப் பல் சிப்பியை மட்டும் பார்த்துப் பொறுக்குவதில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் கடைசி வரை பருவம். எங்கே இழுக்கலாம், எங்கே கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஸ்கோமர் தீவைச் சுற்றி வாரி இழுப்பதையே நிறுத்தினார்கள். அங்கே சிப்பி பெருகியது. கடலுக்கு வேண்டியது அந்த மாதிரி விதி. ஆனால் வாரிப் படகு தூரத்தில் போகிறது, மாலை வெயிலில் அழகாக இருக்கிறது, பின்னால் கடற்காக்கைகள் பறக்கின்றன, அதை ஓவியமாக வரைந்து வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். நாங்கள் கறுப்பு உடையில், முகமூடியோடு, செத்த மீனை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, குடும்பங்கள் ஐஸ்கிரீம் சாப்பிடும் கரையில் ஏறுகிறோம். தோற்றம்தான் எங்கள் குற்றம்.

ஈட்டிக்கு இருக்கிற ஒரு நல்ல குணம் வேறு எந்தக் கருவிக்கும் கிடையாது. அடிக்கும் முன் மீனைப் பார்க்கிறோம். வலைக்குக் கண் இல்லை. நைலான் செவுள் வலையில் சிறு திமிங்கல வகையான போர்பாய்ஸும் கடல்நாயும் மாட்டி மூச்சு முட்டிச் சாகின்றன, வலை கட்டியவர் அதை விரும்பியிருக்க மாட்டார், ஆனாலும் சாகின்றன. கொக்கிக்கும் கண் இல்லை; எந்த மீன் கடிக்கும் என்று அதற்குத் தெரியாது. ஈட்டிக்காரனுக்கு மட்டும் எந்தச் சாக்கும் கிடையாது. சிறிய மீனை அடித்தால் அது தெரிந்தே செய்த தவறு. சிவின் என்று வெல்ஷ்காரர்கள் கொண்டாடும் கடல் டிரவுட்டையும் சால்மனையும் ஈட்டியால் தொடுவது 1975ஆம் வருடச் சட்டப்படி குற்றம். நுரைக்குள் வெள்ளியாக மின்னி வருவது பாஸா சிவினா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் விரல் விசைக்குப் போகக் கூடாது. எத்தனை தடவை அப்படி விட்டிருக்கிறோம்! ஒரு சட்டம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டுமானால், கடைப்பிடிக்க முடிகிற கருவி எங்களுடையதுதான்.

எதிர்த்தரப்பில் இரண்டு வாதம் உண்மையிலேயே கனமானது. ஆச்சரியம் என்னவென்றால் அந்தத் தாளில் இரண்டும் இல்லை.

ஒன்று, ஈட்டி பட்டும் கிழித்துக்கொண்டு போகும் மீன். அது எங்கோ போய்ச் சாகும். நடக்காது என்று சொல்லும் ஈட்டிக்காரன் பொய் சொல்கிறான். தெளிவில்லாத தண்ணீரில் இரண்டு மீட்டருக்குள்தான் அடிக்க முடியும் என்பதால் இங்கே அது குறைவு. ஆனால் அடித்துப் பார்ப்போம் என்று தூரத்து மீனுக்கு விசையை அழுத்துகிற அவசரக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது இன்னும் பெரியது. எங்களுக்குக் கண் இருப்பதால்தான் பெரிய மீனாகப் பார்த்து அடிக்கிறோம். பெரிய பாஸ் என்றால் பெரும்பாலும் பெண், அதிக முட்டை சுமக்கும் தாய். பதினைந்து இருபது வருடம் வளர்ந்த மீனாக இருக்கும். அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிற கூட்டம் என் பக்கத்தில்தான் இருக்கிறது, தூண்டில்காரர்கள் பக்கத்தில் இல்லை.

அவர்களை நான் ஆதரிக்கப் போவதில்லை. பாலன் ராஸ் என்று ஒரு பாறை மீன் இருக்கிறது, பச்சையும் பழுப்பும் புள்ளியுமாக. எல்லாம் பெண்ணாகப் பிறந்து, சில மட்டும் பிற்காலத்தில் ஆணாக மாறும். மெல்ல வளரும், ஒரே பாறையை விட்டு அகலாது, ஓடத் தெரியாது, பக்கத்தில் வந்து முகத்தைப் பார்க்கும். பூனைக்குட்டியை அடிப்பது எவ்வளவு வீரமோ அவ்வளவு வீரம் அதை அடிப்பது. சமைத்தாலும் பிரமாதமாக ஒன்றும் இருக்காது. ஒரே கோடையில் இரண்டு புதுப் பையன்கள் ஒரு பாறையைக் காலி செய்துவிடுவார்கள். மறுபடி நிரம்ப வருடக்கணக்காகும். வேறு ஒரு ஜாதி, பாஸ் மீனை அடித்து உணவகத்தின் பின்வாசலில் விற்கிறது. பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பது குற்றம் என்று தெரிந்தேதான் விற்கிறார்கள், வாங்குகிற சமையற்காரரும் தெரிந்தேதான் வாங்குகிறார். தடை கேட்பவர்கள் இவர்களைப் பிடித்துக் கொடுக்கட்டும், நான் சாட்சிக்கு வருகிறேன். எங்கள் ஐவரில் யாராவது ராஸ் மீனை அடித்தால் அடுத்த பயணத்துக்குக் காரில் இடம் கிடையாது என்று பல வருடம் முன்பே முடிவு செய்துவிட்டோம். பொல்லாக் மீனை விஞ்ஞானிகள் 2024க்கு ஒன்றுகூடப் பிடிக்காதீர்கள் என்று பரிந்துரைத்த பிறகு அதையும் தொடுவதில்லை. அது சட்டம் அல்ல, நாங்களே போட்டுக்கொண்ட கட்டு.

பாஸ் மீனுக்கு 2023 டிசம்பரில் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து ஒரு மேலாண்மைத் திட்டம் வெளியிட்டன. கருத்துச் சொல்லும் கதவு நமக்கு அங்கே இருக்கிறது. கையெழுத்துத் தாளைவிட அது மேல். நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். குறைந்தபட்ச அளவு 42 என்று இருப்பது போல அதிகபட்ச அளவும் வேண்டும். 65 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் மீனை யாரும், எந்தக் கருவியாலும், எடுக்கக் கூடாது. ஈட்டிக்காரனுக்கு அதில் கஷ்டமே இல்லை, அடிக்காமல் விட்டால் போதும். பாலன் ராஸை ஈட்டிப் பட்டியலிலிருந்து அடியோடு எடுத்துவிடலாம். சிலிண்டரோடு ஈட்டி கூடாது என்பதை எங்கள் மரியாதைக்கு விடாமல் சட்டமாகவே எழுதலாம். நாளுக்கு இத்தனை என்ற எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. அது தூண்டிலுக்கும் ஈட்டிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், திரும்ப விடும் மீனும் கணக்கில் சேர வேண்டும்.

கடைசி வரியைச் சேர்த்தது எங்கள் குழாய்க்காரர். தூண்டில் சங்கத்தில் அவருக்கு மைத்துனர் ஒருவர் இருக்கிறார். கடிதத்தின் நகலை அவருக்கும் அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.